கல்லாற்றில் கழற்றிய டயர்

குற்றாலலிங்கம் தன் காரை ஓட்டிய நேரத்தைவிடத் துடைத்த நேரம்தான் அதிகம். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் முப்பத்துநான்கு வருடம் கணக்கராக இருந்தவர். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், 2016-இல், வெள்ளை நிறத்தில் அந்தச் சின்னக் காரை வாங்கினார். ஒன்பது வருடத்தில் அது ஓடியது பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். மீதி நேரமெல்லாம் கரமனையில் அவர்கள் குடியிருக்கும் ஃபிளாட்டின் கீழே, பாதி வெயிலிலும் பாதி நிழலிலுமாக, உறை போட்டுக் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையை உருவி, தண்ணீர் விட்டுக் கழுவி, டயர் நான்குக்கும் கறுப்பு பாலிஷ் போடுவார். அப்போது யாராவது அந்தப் பக்கம் போனால் விடமாட்டார்.

“டயரப் பாத்தேரா ஓய்? பட்டன் அப்படியே நிக்கு. ஒம்பது வருசம்!”

டயரின் மேல்ரப்பரில் தரையைப் பிடிக்கும் கட்டங்களைத்தான் பட்டன் என்பார். அவர் பிறந்த நாகர்கோவில் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பள்ளத்துக்குள் ஸ்கேலை விட்டு அளந்தும் வைத்திருந்தார். ஆறு மில்லிமீட்டர்.

அவர் மனைவி சரஸ்வதியம்மாளுக்குக் காரைப் பற்றி ஒரே ஒரு குறைதான் உண்டு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பத்தாறு வருடமாகியும் அவள் பொன்முடியைப் பார்த்ததில்லை. அறுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மலை. “அடுத்த மாசம் போலாம்” என்று அவர் சொல்லியே வருடங்கள் ஓடிவிட்டன. போன வருடம் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை முடிந்து, ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி முழுவதும் கொட்டியது. இந்த ஆகஸ்டில் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இனி ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்” என்றார். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது சரஸ்வதியம்மாள் கேட்டது ஒன்றுதான்.

“இப்பமாவது பொன்முடிக்குக் கூட்டிட்டுப் போவியளா?”

அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டார்கள். கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் திவ்யலட்சுமி, வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்று வந்தாள். அப்பா முன்சீட்டில், அம்மா பின்சீட்டில், மடியில் புளியோதரைப் பாத்திரம்.

நெடுமங்காடு தாண்டியதும் ஸ்டீயரிங் மெல்ல நடுங்குவது திவ்யாவின் கைக்குத் தெரிந்தது. வேகம் அறுபதைத் தொட்டால் நடுக்கம் வந்தது. குறைத்தால் நின்றது.

“அப்பா, ஸ்டீயரிங் ஆடுது. வீல் அலைன்மென்ட் எப்ப பாத்தது?”

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல மக்ளே. ரோடு அப்படியாக்கும்.”

ரோடு நன்றாகத்தான் இருந்தது. அவள் வாதாடவில்லை. ஐம்பதுக்கு மேல் போகாமல் விதுரையைத் தாண்டிக் கல்லாறு வரை வந்தாள். அங்கே ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையும் அதை ஒட்டி ஒரு பஞ்சர் கடையும் இருந்தன. அதற்கு மேல் மலைப்பாதை. “அம்மாக்கு ஒரு சாயா வாங்கிக் குடுங்க, நான் காத்து செக் பண்ணிக்கிறேன்” என்று வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

பஞ்சர் கடையில் இருந்தது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, இரண்டு கையிலும் முழங்கை வரை கறுப்பு. பெயர் ஆவுடைத்தாய். மூன்று டயருக்குக் காற்றைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் இடது டயருக்கு வந்தவள், குழாயைக் கீழே வைத்துவிட்டு டயருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாள். பிறகு தரையில் ஒரு சாக்கை விரித்து ஒருக்களித்துப் படுத்து, போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

“தங்கச்சி, மேலயா போறிய?”

“ஆமா. பொன்முடிக்கு.”

“இந்த டயரோட ஏறாதிய.”

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குற்றாலலிங்கம் திரும்பினார். “ஏன்? காத்து எறங்குதா?”

“காத்து நிக்கி அண்ணாச்சி. டயருதான் நிக்காது. உள்பக்கம் வீங்கியிருக்கு. நீங்களே கைய விட்டுப் பாருங்க.”

அவர் குனியவில்லை. “ஏம்மா, டயர் புதுசு மாதிரி இருக்கு. பட்டன் ஆறு மில்லிமீட்டர், அளந்து பாத்திருக்கேன். ஒண்ணு புள்ளி ஆறு வரைக்கும் ஓட்டலாம்னு சட்டமே இருக்கு.”

“பட்டன் இல்லன்னு யாரு சொன்னா? பட்டன் ஓடுனாத்தான் தேயும். ரப்பரு சும்மா கெடந்தாலும் காஞ்சு போகும். வெயில்ல கெடந்தா இன்னும் சீக்கிரம்.” அவள் ஒரு பழந்துணியை நனைத்து டயரின் பக்கவாட்டை அழுத்தித் துடைத்தாள். கறுப்பு பாலிஷ் துணியோடு வந்தது. அதற்கடியில் ரப்பர் முழுக்க மெல்லிய வெடிப்புகள், கோடை காலத்துக் குதிகால் போல. துடைத்த இடத்தில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் தெரிந்தன. 2316.

“இத என்னன்னு நெனச்சிய?”

“மாடல் நம்பர்.”

“இல்ல அண்ணாச்சி. பொறந்த தேதி. ரெண்டாயிரத்துப் பதினாறாவது வருசம், இருபத்திமூணாவது வாரம். அஞ்சு வருசம் தாண்டுனா வருசத்துக்கு ஒருக்கா ஒரு டயர்க்காரங்கிட்ட காட்டணும். பத்து வருசம்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழட்டிரணும். இது ஒம்பது முடிஞ்சு, வெடிச்சு, வீங்கியும் இருக்கு.”

ஒன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்த டயரில் அந்த எண் இருந்தது அவருக்குத் தெரியும். அதன் பொருள்தான் தெரியாது. அது அவருக்குக் கோபமாக வந்தது.

“அப்ப ஸ்டெப்னியப் போடு. அது தரையக்கூடத் தொட்டதில்ல.”

ஆவுடைத்தாய் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்துச் சாய்த்தாள். புது டயரில் முளைத்திருக்கும் ரப்பர் முடிகூட அதில் அப்படியே இருந்தது. அவள் எண்ணைக் காட்டினாள். 2216. மற்றவற்றைவிட ஒரு வாரம் மூத்தது.

“டயர் விக்கதுக்கு இப்படியும் ஒரு வழியா?” என்றார் அவர்.

“எங்கிட்ட விக்க டயரே இல்லியே.” அவள் குரல் உயரவில்லை. “ஏறுகது கூட ஏறிரலாம் அண்ணாச்சி. எறங்கும்போதுதான் பாரம் பூரா முன் டயருக்கு வரும். இருபத்திரண்டு வளைவு. பின்னால அம்மா இருக்காவ.”

டீக்கடைக்கார ஹரிகுமார் கல்லாவிலிருந்தே சொன்னான். “சாரே, ஆவுடைச் சேச்சி சும்மா பறைய மாட்டா. கேளுங்க.”

திவ்யா சாக்கில் முழங்காலிட்டு டயருக்குப் பின்னால் கையை விட்டாள். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு விரலில் தட்டியது. அழுத்தினால் உள்ளே போனது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். ஸ்டீயரிங் ஏன் ஆடியது என்று இப்போது புரிந்தது.

“அப்பா, நான் ஓட்டமாட்டேன்.”

“அப்ப நான் ஓட்டுகேன். சாவியத் தா.”

அவள் தரவில்லை. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அந்த நேரத்தில் கார்க் கதவு திறந்தது. சரஸ்வதியம்மாள் புளியோதரைப் பாத்திரத்தோடு இறங்கி நின்றாள்.

“ஏம்மா, பொன்முடி பஸ் இங்க நிக்குமா?”

“நிக்கும்மா. இன்னும் இருவது நிமிசத்துல வரும்.”

“அப்ப நாங்க பஸ்ல போறோம். இந்தா பாருங்கோ, எனக்கு மலையப் பாக்கணும். காருல இருந்துதான் பாக்கணும்னு நான் சொல்லல.”

திவ்யா சாவியை ஆவுடைத்தாயிடம் கொடுத்தாள். “அக்கா, நாங்க வாறதுக்குள்ள வேற வழி இருக்கான்னு பாருங்க.” முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கார்ச் சாவியைக் கொடுப்பதைப் பார்த்த குற்றாலலிங்கம் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அரசு பஸ் வந்து அம்மாவும் மகளும் ஏறிய பிறகும் அவர் டீக்கடை பெஞ்சிலேயே இருந்தார். கண்டக்டர் புறப்பட இரட்டை மணி அடித்ததும் எழுந்து ஓடிவந்து ஏறினார்.

மேலே வெயில் இல்லை. வெள்ளையாக மஞ்சு இறங்கி, புல்மேட்டை மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. சரஸ்வதியம்மாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். மருந்தில் கொட்டிய தலையில் விரற்கடை அளவுக்குப் புதுமுடி முளைத்திருந்தது. ஊருக்குள் அவள் துண்டு இல்லாமல் எங்கும் போனதில்லை. அங்கே காற்று வந்து அந்தக் குட்டை முடியைக் கலைக்கட்டும் என்று முகத்தை நிமிர்த்தி நின்றாள்.

“நல்லா இருக்கு” என்றாள். சிரித்தாள். திவ்யா படம் எடுத்தாள். குற்றாலலிங்கம் கொஞ்சம் தள்ளி நின்று மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருடம் இதைத் தள்ளிப்போட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டார்கள்.

இறங்கும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் பிரேக்கை மிதிக்க, பஸ் முன்னால் அமுங்கித் திரும்பியது. ஒரு வளைவில் இடப்பக்கம் பாறை, அடுத்ததில் இடப்பக்கம் வெறும் வானம். ஏறும்போது கோபத்தில் எதையும் பார்க்காதவர் இப்போது ஒவ்வொன்றாக எண்ணினார். பன்னிரண்டாவது வளைவில் மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

“போன மாசம் உன் வீட்டுக்கு வந்தேம்லா? கழக்கூட்டத்துல சர்வீஸ் ரோட்டுல ஒரு குழியில எறங்கிட்டு. டங்குன்னு பெரிய சத்தம்.”

“இடது பக்கமா?”

“இடது பக்கந்தான். எறங்கிப் பாத்தேன். வெளியில ஒண்ணும் தெரியல. வயசாயிட்டு, இனி வண்டி ஓட்டாதியன்னு ரெண்டு பேரும் சொல்லுவியன்னுதான் நான் சொல்லல.”

திவ்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்லாற்றில் இறங்கியபோது மணி இரண்டு. கார் ஜாக்கியில் நின்றது. ஆவுடைத்தாய் அந்த டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கம் தெரிய வெளிச்சத்தில் சாய்த்து வைத்திருந்தாள்.

“அண்ணாச்சி, வந்து பாருங்க. இப்பம் நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

இந்தத் தடவை அவர் குனிந்தார். வெளியே புடைப்பு இருந்த இடத்தில், உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் கிழிந்திருந்தது. டயருக்கு உரம் கொடுக்கும் நூல்கள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, பஞ்சாகப் பிரிந்து கிடந்தன. அவர் விரலை வைத்தார். கையில் கறுப்புத் தூள் ஒட்டியது. முழுதாக இருந்த நூல்களைத் தொட்டுப் பார்த்தார். அதிகம் இல்லை.

“குழியில எறங்குன அன்னைக்கே ரெண்டு மூணு நூலு போயிருக்கும்” என்றாள் ஆவுடைத்தாய். “மத்ததெல்லாம் அன்னையில இருந்து ஒவ்வொண்ணா. புது டயருன்னாகூட அந்தக் குழி தாங்கியிருக்குமோ என்னமோ. இது காஞ்ச ரப்பரு.”

போன வாரம்கூட நான்குவழிச் சாலையில் எண்பதில் ஓட்டியிருந்தார். மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்ததும் இதே டயரில்தான். ஆறு மாதம் மருந்து ஏற்றிப் பிழைக்கவைத்த ஆளை இந்த நான்கைந்து நூலை நம்பி உட்காரவைத்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவர் அப்படியே சாக்கில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏங்க, சோடா கொண்டாங்க” என்று ஆவுடைத்தாய் டீக்கடையைப் பார்த்துக் கூப்பிட்டாள். உள்ளே பரோட்டாக் கல்லில் நின்றிருந்த ஒருவர் வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து சோடாவை நீட்டினார். அவள் கணவர் இசக்கிப்பாண்டி.

“எங்க வீட்டுக்காரரு வேன் ஓட்டிக்கிட்டு இருந்தாவ, அம்பாசமுத்திரத்துல” என்று அவள் சரஸ்வதியம்மாளிடம் சொன்னாள். “ஏழு வருசத்துக்கு முன்னால பதினாலு பேர பொன்முடிக்கு கூட்டிட்டு வந்தாவ. எறங்கும்போது ஆறாவது வளைவுல டயரு வெடிச்சிட்டு. வண்டியப் பாறையில சாத்தி நிப்பாட்டிட்டாவ. பதினாலு பேருக்கும் ஒண்ணும் ஆவல. இவியளுக்குக் கால்தான் போச்சு.”

“அந்த டயர்லயும் பட்டன் இருந்துச்சு” என்றார் இசக்கிப்பாண்டி. “ஓனரு அந்த வாரந்தான் மாத்தியிருந்தாரு. எங்கயோ குடோன்ல பல வருசமாக் கெடந்தத புதுசுன்னு நெனச்சு வாங்கியிருக்காரு. நம்பரப் பாக்க எங்க யாருக்கும் தெரியல.”

கல்லாற்றுக்காரர்கள்தான் அவரைக் கயிறு கட்டித் தூக்கியிருக்கிறார்கள். மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்த ஹரிகுமாரும் இன்னும் இருவரும் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து ஓடிவந்த ஆவுடைத்தாய்க்கு மலையாளம் தெரியாது. ஹரிகுமாரின் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். அவன் அப்பா அப்போது இந்தப் பஞ்சர் கடையை வைத்திருந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் அவருக்குக் கைவேலை செய்யப்போய் அவள் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். கணவருக்குக் குணமாகியும் அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை.

“இங்க நிக்க ஒவ்வொரு வண்டிக்கும் அந்த நாலு நம்பரப் பாத்துருவேன்” என்றாள். “சில பேரு ஏசுவாங்க. ஏசிட்டுப் போட்டும். எங்கள இந்த ஊரு பாத்துச்சுல்லா, நாங்க போற வாறவங்களப் பாக்கணும்.”

விதுரைக்காரர் ஒருவர் தன் காருக்குப் பெரிய டயர் மாற்றியபோது விட்டுப்போன பழைய டயர் ஒன்று ஹரிகுமாரின் வீட்டில் கிடந்தது. அதே அளவு, இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதை ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்து ஆவுடைத்தாய் ரிம்மில் ஏற்றியிருந்தாள். சக்கரத்தை மாட்டி நட்டு நான்கையும் முறுக்கிவிட்டு, “முப்பதுலயே போங்க தங்கச்சி. விதுரையில டயர்க்கடை இருக்கு. நாலையும் மாத்தாம வீட்டுக்குப் போயிராதிய. வருசத்துக்கு ஒரு தடவையாவது முன்ன பின்ன மாத்திப் போடச் சொல்லுங்க. மாசம் ஒருக்கா காத்தப் பாருங்க. காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயும், கூடுனா நடுவுல தேயும். ஒரு பக்கம் மட்டும் தேஞ்சா அலைன்மென்ட்” என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

குற்றாலலிங்கம் எழுந்து வந்தார். காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் இரண்டு கையையும் கூப்பினார். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள் பதறிப்போய், “ஐயோ அண்ணாச்சி, நீங்க போயி” என்று தன் கறுத்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

விதுரை டயர்க்கடையில் அவர் ஒவ்வொரு டயரையும் உருட்டி எண்ணைப் பார்த்தார். முதலில் எடுத்துவைத்த இரண்டில் பதினெட்டு மாதம் பழைய தேதி இருந்தது. “இது வேண்டாம், இந்த வருசத்தது எடும்” என்றார். கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, “சார் இந்தத் தொழில்ல உண்டோ?” என்று கேட்டார். “இன்னைக்குக் காலையில இருந்து உண்டு” என்றாள் திவ்யா. திரும்பும் வழியில் அறுபதிலும் ஸ்டீயரிங் ஆடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குற்றாலலிங்கம் தன் காரைக் கழுவவில்லை. டார்ச்சையும் ஒரு பழைய துணியையும் எடுத்துக்கொண்டு ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடம் முழுவதும் சுற்றினார். இருபத்தெட்டு கார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து, துடைத்து, படித்தார். ஏழு கார்களில் டயருக்கு ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வீடுகளின் மணியை அடித்துச் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது மாடி நவநீத் மட்டும் கூடவே இறங்கி வந்தான். அன்று மாலை மனைவியோடும் கைக்குழந்தையோடும் மூணாறுக்குக் கிளம்ப இருந்தவன். அவனுடைய பின் டயர் ஒன்றில் நகம் இறங்கும் அளவுக்கு வெடிப்பு. குற்றாலலிங்கம் அதைப் படம் எடுத்து ஆவுடைத்தாய்க்கு அனுப்பினார். அரை நிமிடத்தில் குரல் செய்தி வந்தது.

“அந்தத் தம்பிய இன்னைக்குப் போக வேண்டாம்னு சொல்லுங்க அண்ணாச்சி. மாத்திட்டு நாளைக்குப் போட்டும். மலை எங்கயும் போயிராது.”

நவநீத் திங்கட்கிழமை புது டயரோடு போனான். அங்கிருந்து குழந்தையின் படத்தை அவருக்கு அனுப்பினான்.

அடுத்த பங்குனியில் ஆவுடைத்தாயும் இசக்கிப்பாண்டியும் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிளம்பினார்கள். திருவனந்தபுரத்தில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாற வேண்டும். சரஸ்வதியம்மாள் போன் பண்ணி, வீட்டுக்கு வராமல் போகக்கூடாது என்று சொல்லியிருந்தாள். அன்று காலையிலிருந்து அடுக்களையை விட்டு அவள் வெளியே வரவில்லை. தீயல், அவியல், இஞ்சிப் பச்சடி, சிறுபயற்றம் பருப்புப் பாயசம். இலை போட்டு உட்கார்ந்ததும் ஆவுடைத்தாய் அவள் தலையைப் பார்த்தாள். துண்டு இல்லை. முடி காதோரம் சுருள ஆரம்பித்திருந்தது.

“முடி நல்லா வந்துட்டே, அம்மா.”

“வந்துட்டு” என்று சரஸ்வதியம்மாள் அவள் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள். “எனக்கு உயிர டாக்டர் ஒருக்கா தந்தாரு. நீ ஒருக்கா தந்த. நான் ரெண்டு பேருக்கும் நேர்ல சொல்லிட்டேன். அவரு மருந்துச் சீட்டப் பாத்துக்கிட்டே தலைய ஆட்டுனாரு. நீ பாயசத்த குடி.”

ஆவுடைத்தாய் தலையைக் குனிந்துகொண்டு குடித்தாள். பக்கத்து இலையில் இசக்கிப்பாண்டி ரசம் கேட்டார். குற்றாலலிங்கம் எழுந்துபோய் எடுத்துவந்து, அவரே ஊற்றினார்.